கரண்ட் வரும் கம்பியிலேயே கட்டளையும் வருமா?

“சுவரை உடைக்க வேண்டாம், புது வயர் இழுக்க வேண்டாம்.” வீட்டு விளக்கையும் மின்விசிறியையும் தானாக இயக்கும் கருவிகளை விற்பவர்கள் எல்லாரும் சொல்லும் வாசகம் இது. இதற்குப் பின்னால் இரண்டு வேறு வேறு தொழில்நுட்பங்கள் இருக்கின்றன. ஒன்று, வைஃபை, ஜிக்பீ போல வானலையில் கட்டளை அனுப்புவது. மற்றொன்று, சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் மின்கம்பிக்கே தபால்காரர் வேலையையும் சேர்த்துக் கொடுப்பது. வாங்குகிறவர்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறார்கள்.

இரண்டாவது வழிதான் புத்திசாலித்தனமானது என்று முதலில் தோன்றும். மின்கம்பி போகாத அறை கிடையாது. கான்கிரீட் சுவர் அதை மறிப்பதில்லை. 1970களிலேயே இது கடைக்கும் வந்துவிட்டது. அப்படியும் இன்று அலமாரிகளில் வானலைக் கருவிகளே நிறைந்திருக்கின்றன. பழைய நுட்பம், அதனால் ஒதுங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. பிரான்சில் சுமார் மூன்றரைக் கோடி வீட்டு மீட்டர்கள் இன்றும் மின்கம்பி வழியாகத்தான் கணக்கு சொல்லுகின்றன. வீட்டுக்கு வெளியே இவ்வளவு நன்றாக வேலை செய்வது வீட்டுக்குள் ஏன் திணறுகிறது? நுட்பம் அப்படியே இருக்க, வீடு மாறிவிட்டது என்பதுதான் விஷயம்.

அடிப்படை: ஒரு கம்பி, இரண்டு வேலை

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 50 முறை ஏறி இறங்கும் மெதுவான, பெரிய அலை. இதன் மேல் சில வோல்ட் மட்டுமே உள்ள, ஆனால் நொடிக்கு லட்சம் முறைக்கு மேல் துடிக்கும் குட்டி அலை ஒன்றை ஏற்றிவிடலாம். பல்புக்கும் மோட்டாருக்கும் அது இருப்பதே தெரியாது. அந்தத் துடிப்புக்கென்றே காது தீட்டி வைத்திருக்கும் கருவி மட்டும் அதைப் பிரித்தெடுக்கும். தவிலும் நாதஸ்வரமும் ஒரே நேரத்தில் ஒலித்தாலும் நமக்குத் தனித்தனியாகக் கேட்கிறதல்லவா, அதுபோல.

இனி வரப்போகும் நான்கு சொற்கள்:

1. சுமப்பி அலை: செய்தியைச் சுமக்கும் அந்தக் குட்டி அலை. செய்தியோடு போகும்போது அதைச் சைகை என்போம்.
2. சுழிக்கடப்பு: 50 ஹெர்ட்ஸ் அலை மேலிருந்து கீழாகவோ கீழிருந்து மேலாகவோ போகும்போது பூஜ்ய வோல்ட்டைத் தாண்டும் கணம். நொடிக்கு 100 முறை வரும்.
3. இரைச்சல்: கம்பியில் மற்ற கருவிகள் கொட்டும் வேண்டாத துடிப்புகள்.
4. மின்மறுப்பு: மாறுமின்னோட்டத்துக்கு ஒரு கருவி காட்டும் எதிர்ப்பு. இது அதிர்வெண்ணைப் பொறுத்து மாறும். பிரச்சினையின் வேர் இந்த நான்காவதில்தான் இருக்கிறது.

எக்ஸ்10: ஒரு கட்டளையைப் பின்தொடர்ந்து பார்த்தால்

ஸ்காட்லாந்தில் கிளென்ராத்தஸ் என்ற ஊரில் கால்குலேட்டர் சிப் வடிவமைத்துவந்த பைக்கோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1975இல் உருவாக்கியது எக்ஸ்10. அவர்களுடைய பத்தாவது திட்டம் என்பதால் அந்தப் பெயர். 1978இல் அமெரிக்காவில் சியர்ஸ், ரேடியோஷாக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. அதன்பின் வந்த மின்கம்பி வழிக் கட்டுப்பாட்டு முறைகள் பெரும்பாலும் இதன் குறைகளைத் திருத்த முயன்றவைதான். ஆகவே இதைப் புரிந்துகொண்டால் மற்றவையும் பிடிபடும்.

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி உண்டு. A முதல் P வரை 16 ஆங்கில எழுத்துகளில் ஒரு வீட்டுக் குறி, 1 முதல் 16 வரை ஒரு எண். ஆக மொத்தம் 256 முகவரிகள். கூடத்து விளக்கு ஏ-3 என்று வைத்துக்கொள்வோம். படுக்கையறையிலிருந்து அதைப் போடச் சொல்லி ஒரு பொத்தானை அழுத்துகிறோம். என்ன நடக்கிறது?

அனுப்பும் கருவி சுழிக்கடப்புக்காகக் காத்திருக்கும். அந்தக் கணத்தில் ஒரு மில்லிநொடி நேரம் 120 கிலோஹெர்ட்ஸ் அலையை விட்டால் அது ‘1’. விடாமல் இருந்தால் ‘0’. சுழிக்கடப்பைத் தேர்ந்ததற்குக் காரணம், பெரிய அலை ஓய்ந்திருக்கும் அந்த நேரத்தில் கம்பியில் சந்தடி குறைவு என்பதே. முதலில் 1110 என்ற தொடக்கக் குறி. பிறகு ‘ஏ’ என்பதற்கு 0110. பிறகு ‘3’ என்பதற்கு 00100. தொடக்கக் குறியைத் தவிர, ஒவ்வொரு இலக்கத்தையும் சொன்ன கையோடு அதன் தலைகீழையும் சொல்லியாக வேண்டும்: 1 என்றால் உடனே 0, 0 என்றால் உடனே 1. இத்தனைக்கும் பெரிய அலையின் 11 சுழற்சிகள் ஆகும் (ஒரு சுழற்சியில் இரண்டு சுழிக்கடப்பு). நம்பிக்கைக்காக எல்லாவற்றையும் இன்னொரு முறை சொல்லும். மூன்று சுழற்சி மௌனம். பிறகு ‘போடு’ என்ற கட்டளை, அதுவும் இரண்டு முறை.

கூட்டிப் பார்த்தால் 47 சுழற்சிகள். 60 ஹெர்ட்ஸ் அமெரிக்காவில் முக்கால் நொடிக்குச் சற்று மேல். 50 ஹெர்ட்ஸ் ஊரில் 0.94 நொடி. சுவிட்சைத் தட்டியவுடன் வெளிச்சம் பார்த்துப் பழகிய விரலுக்கு ஒரு நொடி நீளமானது. பொத்தான் வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்துவார்கள். இரண்டு கட்டளைகள் கம்பியில் மோதலாம். மோதினால் இரண்டுமே போய்ச் சேராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘3’ என்பதற்கு 00100. ‘போடு’ என்பதற்கு 00101. கடைசி இலக்கம்தான் வித்தியாசம். இரைச்சல் ஓர் இலக்கத்தைத் தின்றாலோ சேர்த்தாலோ பொருளே மாறிவிடும். தலைகீழ் இலக்கமும் இரட்டை முறை அனுப்புதலும் அதைத் தடுக்கத்தான். அவையும் தாண்டி எப்போதாவது ஒன்று நழுவும். நள்ளிரவில் விளக்கு தானாக எரிந்தது என்று எக்ஸ்10 வைத்திருந்தவர்கள் சொல்வதில் பேய்க் கதை எதுவும் கிடையாது.

இதில் என்ன லாபம்?

1. புது வயர் வேண்டாம். பூச்சு வேலை முடிந்த, வாடகைக்கு இருக்கும், கல்சுவர் கட்டிய வீடுகளுக்கு இது பெரிய விஷயம்.
2. வானலை போகாத இடத்துக்கும் போகும். கீழ்த்தளத்து மோட்டார் அறை, இரும்புக் கதவு போட்ட ஸ்டோர் ரூம், தோட்டத்துக் கோடி விளக்கு ஆகிய இடங்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை திணறும். மின்கம்பி அங்கே ஏற்கெனவே இருக்கிறது.
3. பேட்டரி மாற்ற வேண்டியதில்லை. கட்டளை வரும் கம்பியே கருவிக்குச் சாப்பாடும் போடும்.
4. இணையமோ வெளியூர் சர்வரோ தேவையில்லை. இந்த நன்மையைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. இன்ஸ்டியான் என்ற அமெரிக்க முறை மின்கம்பி, வானலை இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தியது. 2022 ஏப்ரலில் அதன் சர்வர்கள் முன்னறிவிப்பில்லாமல் நின்றன. போன் செயலிகள் செத்தன. ஆனால் சுவரில் இருந்த சுவிட்சுகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருந்தன. அந்த ஆண்டு ஜூனில் பயனர்கள் சிலர் சேர்ந்து நிறுவனத்தையே வாங்கினார்கள். வாங்குவதற்கு ஏதோ மிச்சம் இருந்தது என்பதுதான் இங்கே முக்கியம்.

வீடு மாறிய கதை

எக்ஸ்10 வந்தபோது ஒரு வீட்டில் என்ன இருந்தது? குண்டு பல்பு, ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, மோட்டார். பெரும்பாலும் எளிய சுமைகள். 120 கிலோஹெர்ட்ஸ் அலையை அவை பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. அந்த வீடு இன்று இல்லை. ஐரோப்பா 2009 முதல் குண்டு பல்பைப் படிப்படியாக விலக்கியது. இந்தியாவில் 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மட்டும் 36 கோடிக்கும் மேல் எல்இடி பல்புகள் வீடுகளுக்குப் போயின. பல்பு மட்டுமல்ல, டிவி, சார்ஜர், ஏசி, வாஷிங் மிஷின் எல்லாவற்றின் வயிற்றிலும் இப்போது மின்னணுச் சுற்று இருக்கிறது.

அதனால் என்ன கெட்டுப்போயிற்று என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. சைகையைக் குடித்துவிடும் கண்டென்சர்

ஃபேன் சுற்றாவிட்டால் எலக்ட்ரீஷியன் மாற்றிவிட்டுப் போகிறாரே கண்டென்சர், அதன் குட்டித் தம்பி ஒன்று டிவி, கணினி, லேப்டாப் சார்ஜர் போன்றவற்றின் மின்வாசலிலேயே ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். கருவிக்குள் உண்டாகும் இரைச்சல் வீட்டுக் கம்பிக்குப் போகாமல் தடுப்பது அதன் வேலை. விதிமுறையே அப்படிக் கேட்கிறது. நல்ல நோக்கம்தான்.

சாதாரணமாக 0.1 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். 50 ஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு சுமார் 32,000 ஓம். கரண்டைப் பொறுத்தவரை அது இல்லாதது மாதிரிதான். அதே கண்டென்சர் 120 கிலோஹெர்ட்ஸில் சுமார் 13 ஓம் மட்டுமே. பத்துக் கருவிகள் சேர்ந்தால் 1.3 ஓம். நம் சுமப்பி அலைக்கு அது கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட். சில வோல்ட்டாகக் கிளம்பிய சைகை கூடத்துக்குப் போய்ச் சேரும்போது, கேட்கும் கருவிக்குத் தேவையான நூறு மில்லிவோல்ட் கூட மிஞ்சாமல் போகலாம்.

கருவியை ஆஃப் செய்தாலும் இது தீராது. ரிமோட்டில் அணைத்த டிவியின் கண்டென்சர் கம்பியோடுதான் இருக்கும். இங்கே நம் ஊர் வழக்கம் ஒன்று கைகொடுக்கிறது. அமெரிக்கச் சாக்கெட்டுகளில் பொதுவாகச் சுவிட்ச் கிடையாது. நம்முடையதில் உண்டு. அதை அணைத்தால் கண்டென்சரும் கழன்றுவிடும். ஆனால் அதே பழக்கம் எதிராகவும் திரும்பும். இரவு படுக்கப் போகும் முன் எல்லா பிளக் பாயின்ட்டையும் அணைக்கும் பாட்டி, தானியங்கிக் கருவி செருகியிருக்கும் சாக்கெட்டையும் சேர்த்தே அணைத்துவிடுவார்.

2. இரைச்சல்

மலிவான சார்ஜர்கள் பலவற்றில் மேலே சொன்ன கண்டென்சர் இருக்காது. அவை சைகையைக் குடிப்பதில்லை. ஆனால் தங்கள் இரைச்சலை அப்படியே கம்பியில் கொட்டும். அவற்றின் உள்சுற்று ஓடும் வேகம் பல பத்துக் கிலோஹெர்ட்ஸ். அதன் மடங்குகளில் ஒன்று 120க்குப் பக்கத்தில் விழுந்தால் போதும், கேட்கும் கருவி செவிடாகிவிடும்.

சமையலறையில் மிக்ஸி. அதன் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்து சுற்றுகிறது. ஒவ்வொரு தேய்ப்பிலும் சின்னப் பொறி. பொறி என்றால் எல்லா அதிர்வெண்ணிலும் இரைச்சல். சட்னி அரைக்கும் இரண்டு நிமிடம் கட்டளைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். வெட் கிரைண்டர் அரை மணி நேரம் ஓடினாலும் இந்தத் தொல்லை இல்லை, அதன் மோட்டாரில் பிரஷ் கிடையாது.

3. ஃபேஸ்

அமெரிக்க வீடுகளுக்கு 120 வோல்ட் கம்பிகள் இரண்டு வரும். வீட்டின் பாதி ஒன்றிலும் மீதி மற்றொன்றிலும் இருக்கும். ஒரு பாதியில் அனுப்பிய சைகை மறுபாதிக்குப் போக வேண்டுமானால் தெருவில் உள்ள டிரான்ஸ்பார்மர் வரை போய்த் திரும்ப வேண்டும். அதற்குள் அது மெலிந்துவிடும். எக்ஸ்10 வைத்திருந்தவர்களிடையே பிரசித்தமான புதிர் ஒன்று உண்டு: மின்சார அடுப்பு எரியும்போது மட்டும் மாடி விளக்கு சொன்னபடி கேட்கும், அடுப்பை அணைத்தால் கேட்காது. அடுப்பு இரண்டு கம்பிகளையும் இணைக்கும் 240 வோல்ட் சுமை. சைகைக்கு அதுவே பாலமாகிவிடுகிறது.

தமிழ்நாட்டில் த்ரீ ஃபேஸ் இணைப்பு உள்ள வீடுகளில் இதே பிரச்சினை மூன்று மடங்கு. ஏசி ஒரு ஃபேஸ், கூடம் ஒரு ஃபேஸ், மாடி ஒரு ஃபேஸ் என்று எலக்ட்ரீஷியன் பிரித்திருப்பார். போதாததற்கு, ஒரு ஃபேஸ் போய்விட்டால் வேறொன்றுக்குத் தள்ளிவிடும் ஃபேஸ் மாற்றும் சுவிட்ச் வேறு பல வீடுகளில் இருக்கிறது. நேற்று வரை ஒரே ஃபேஸில் இருந்த இரண்டு கருவிகள் இன்று வேறு வேறு ஃபேஸில் இருக்கும். எக்ஸ்10 இதை ஓரளவு எதிர்பார்த்தது. ஒவ்வொரு துடிப்பையும் மூன்று ஃபேஸ்களின் சுழிக்கடப்புக்கும் பொருந்தும்படி மூன்று முறை அனுப்பியது. நேரம் பொருந்தும். ஆனால் சைகை அடுத்த ஃபேஸுக்குப் போய்ச் சேர்ந்தால்தானே!

4. இன்வர்ட்டர்

அமெரிக்கக் கையேடுகளில் அவ்வளவாகப் பேசப்படாத, நம் வீடுகளில் தவிர்க்க முடியாத பிரச்சினை இது. கரண்ட் போனதும் இன்வர்ட்டர் தன் பக்கத்து விளக்குகளையும் ஃபேன்களையும் வெளி ஃபேஸிலிருந்து கழற்றித் தனியாக ஓட்டும். வீட்டு வயரிங் இரண்டு தீவுகளாகிவிடும். கட்டளைப் பெட்டி இன்வர்ட்டர் இல்லாத பக்கத்தில் இருந்தால் அதற்கே கரண்ட் இல்லை.

இன்வர்ட்டர் பக்கத்தில் இருந்தாலும், சதுர அலை வகை என்றால் வேறொரு சிக்கல். சைன் அலை பூஜ்யத்தை மெதுவாகத் தாண்டும். சதுர அலை ஒரே தாவலில் தாண்டும். அந்தத் தாவல்தான் அதன் மிகப் பெரிய இரைச்சல். அமைதியாக இருக்கும் என்று நம்பித் தேர்ந்த கணம், இங்கே ஆகச் சந்தடியான கணமாக அமைந்துவிடுகிறது.

5. பதில் வராத கடிதம்

எக்ஸ்10இன் சாதாரண விளக்குக் கருவி கேட்கும், பேசாது. கட்டளை வந்ததா, விளக்கு எரிகிறதா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. வெளியூரில் இருந்துகொண்டு மோட்டாரை அணைக்கச் சொன்னால், அணைந்ததாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். தொட்டி நிரம்பி வழிந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்து சொல்வார்.

6. பூட்டு இல்லாத கதவு

கட்டளைக்குக் கடவுச்சொல் இல்லை, மறையாக்கம் இல்லை. வீட்டுக் குறி பதினாறே. பக்கத்து வீட்டிலும் இதே முறை, அதே ‘ஏ’ என்றால் அவர்கள் விளக்கைப் போட நம் ஃபேன் சுற்றலாம். வாசல் திண்ணையில் ஒரு வெளிச் சாக்கெட் இருந்தால் யார் வேண்டுமானாலும் அதில் ஒரு கட்டளைப் பெட்டியைச் செருகலாம். விளக்குக்கு இது வேடிக்கை. கதவுப் பூட்டையோ அலாரத்தையோ இப்படிக் கட்டுப்படுத்துவது சரியான யோசனை அல்ல.

7. எல்இடியின் மினுக்கு

அமெரிக்கப் பழைய வீடுகளின் சுவிட்ச் பெட்டியில் பெரும்பாலும் நியூட்ரல் இருக்காது. அதனால் அங்கே விற்ற சுவர்க் கருவிகள் பல்பு வழியாகவே கொஞ்சம் கரண்டை இழுத்து உயிர் வாழ்ந்தன. 60 வாட் குண்டு பல்புக்கு அது உறைக்கவே உறைக்காது. 9 வாட் எல்இடியோ அந்தக் கசிவிலேயே மங்கலாக எரியும், அல்லது கண் சிமிட்டும். நம் சுவிட்ச் போர்டுகளில் பெரும்பாலும் ஒரு பிளக் பாயின்ட்டும் இருப்பதால் நியூட்ரல் அங்கேயே கிடைக்கும். இந்த ஒரு விஷயத்தில் நமக்கு யோகம்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் 120 வோல்ட் கருவிகளை இங்கே செருகினால் இந்த ஏழு பிரச்சினைகளுக்கும் வாய்ப்பில்லை. முதல் நிமிடத்திலேயே புகைந்துவிடும்.

மருந்து உண்டு, விலையும் உண்டு

சைகையைக் குடிக்கும் ஒவ்வொரு கருவிக்கும் முன்னால் ஒரு வடிகட்டி வைக்கலாம். ஃபேஸ்களை இணைக்க மெயின் போர்டில் அதற்கென்று உள்ள இணைப்பி ஒன்றைப் பொருத்தலாம். மெலிந்த சைகையைக் கேட்டு உரக்கத் திருப்பிச் சொல்லும் பெருக்கியும் உண்டு. எல்லாம் வேலை செய்யும். ஆனால் “புது வயர் வேண்டாம்” என்று தொடங்கியவர் மெயின் போர்டைத் திறந்து, வீட்டில் உள்ள ஒவ்வொரு சார்ஜரையும் சந்தேகித்து, வடிகட்டி வாங்கிக்கொண்டிருப்பார். அடுத்த மாதம் புது டிவி வந்தால் ஆய்வை மறுபடி ஆரம்பிக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த முறையின் உண்மையான தோல்வி இதுதான். சரிசெய்ய முடியாத குறை அல்ல, சரிசெய்து முடிக்கவே முடியாத குறை.

ஒன்றில் மட்டும் விளையாடக் கூடாது. ஃபேஸ்களுக்கு இடையே நம் ஊரில் 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைத்த ஏதோ ஒரு கண்டென்சரை அங்கே கட்டினால் அது வெடிக்கும், தீப்பிடிக்கும். மின்வழங்கல் கம்பிக்கென்றே சான்று பெற்றதைத் தெரிந்தவர்தான் பொருத்த வேண்டும். அதேபோல் விளக்கை மங்கலாக்கும் கருவியில் ஃபேனைக் கட்டினால் முனகும், சூடேறும், காலப்போக்கில் மோட்டாரே போகும்.

பின்னால் வந்தவர்கள் வேறு வழிகள் தேடினார்கள். 1999இல் வந்த யூபிபி என்ற மின்கம்பி வழி முறை, குறைந்த அதிர்வெண்ணில் ஓங்கி அடிக்கும் துடிப்புகளைப் பயன்படுத்தியது. அங்கே கண்டென்சர்கள் குடிப்பது குறைவு. 2005இல் வந்த இன்ஸ்டியான், ஒவ்வொரு கருவியையும் அஞ்சல் நிலையமாக்கிச் சைகையைக் கைமாற்றியது, பதிலும் கேட்டு வாங்கியது, கம்பியில் போகாததை வானலையில் அனுப்பியது. மின்கம்பியை மட்டும் நம்பக் கூடாது என்பதை அந்தத் துறையே ஒப்புக்கொண்ட இடம் அது.

இணையத்துக்கு மட்டும் எப்படி ஓடுகிறது?

ரவுட்டர் கீழே, படிக்கும் அறை மாடியில் என்றால் இரண்டு சாக்கெட்டுகளில் இரண்டு பெட்டிகளைச் செருகி மின்கம்பி வழியே இணையத்தை ஏற்றும் கருவிகள் கிடைக்கின்றன. ஹோம்பிளக் என்ற தரம் 2001இல் நொடிக்கு 14 மெகாபிட் என்று தொடங்கி, 2005இல் 200 மெகாபிட் என்று அட்டையில் போட்டுக்கொண்டது. அட்டையில் உள்ள எண்ணை எந்த வீட்டிலும் எதிர்பார்க்கக் கூடாது. என்றாலும் எக்ஸ்10 திணறிய அதே கம்பியில் இது ஓடுகிறது.

ரகசியம், ஒரே சுமப்பி அலையை நம்பாததில் இருக்கிறது. 2 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரை நூற்றுக்கணக்கான அலைகளில் செய்தியைப் பங்குபோட்டு அனுப்பும். எந்த அலையில் இரைச்சல் மிகுதியோ அதை விட்டுவிடும். மறையாக்கமும் உண்டு. கிடைப்பதை வைத்துச் சமாளிக்கும் சாமர்த்தியம் இது. ஆனால் அதற்கான சிப்பும் அது தின்னும் மின்சாரமும் ஒவ்வொரு பல்புக்கும் வைக்கக் கட்டுப்படியாகாது. இன்னொரு பக்கவிளைவு: அந்த அதிர்வெண்களில் வீட்டு வயரிங் நீளமான ஆன்டெனாவாக வேலை செய்யும். அது சிற்றலை வானொலி கேட்பவர்களுக்கும் அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கும் தொந்தரவு. அதனால்தான் அமெச்சூர் அலைவரிசைகளை மட்டும் இந்தக் கருவிகள் தாண்டிச் செல்லும்படி அமைக்கப்பட்டன.

வீட்டுக்கு வெளியே வென்ற கதை

தொடக்கத்தில் சொன்ன பிரான்சின் வீட்டு மீட்டர்கள், லிங்கி என்று பெயர், 36 முதல் 91 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில், தெரு டிரான்ஸ்பார்மரில் உள்ள சேகரிப்புப் பெட்டிக்குக் கணக்கு அனுப்புகின்றன. இத்தாலியின் எனல் நிறுவனம் 2001இலேயே தொடங்கி மூன்று கோடி மீட்டர்களை இப்படி இணைத்தது. அதே கம்பி, அதே கண்டென்சர்கள். பிறகு எப்படி?

முதலாவது, மீட்டர்கள் ஒன்றுக்கொன்று செய்தியைக் கைமாற்றும். இரண்டாவது, கம்பியின் இரு முனையும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. மூன்றாவதுதான் முக்கியம்: அவசரம் இல்லை. மீட்டர் கணக்கு காலை எட்டு மணிக்குப் போகாவிட்டால் ஒன்பது மணிக்குப் போகலாம். யாரும் இருட்டில் நிற்கப் போவதில்லை. கம்பி எப்போது அமைதியாகிறதோ அப்போது பேசிக்கொள்ளலாம். வீட்டு விளக்குக்கு அந்தப் பொறுமை கிடையாது.

பிரான்சில் இதைவிடப் பழைய முறை ஒன்றும் உண்டு. வாட்டர் ஹீட்டர்களை மலிவு நேரத்தில் மட்டும் ஓடவிட, மின்கட்டமைப்பு முழுவதிலும் 175 ஹெர்ட்ஸ் சைகையை அனுப்புவார்கள். நம் 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் 175 ஹெர்ட்ஸில் சுமார் 9,000 ஓம். குடிக்க முடியாது. ஆமை வேகம்தான், ஆனால் ஹீட்டரைப் போடவும் அணைக்கவும் ஆமை போதும்.

இன்று சாலையோரம் சிசிஎஸ் வேக சார்ஜரில் மின்கார் ஏற்றுபவர்களும் இந்தக் குடும்பத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். காரும் சார்ஜரும் ஹோம்பிளக்கின் தம்பியான கிரீன்ஃபை மூலமாகவே பேசிக்கொள்கின்றன. ஆனால் மின்சாரம் ஓடும் பருமனான கம்பியில் அல்ல, பக்கத்திலேயே பேச்சுக்கென்று விட்ட மெல்லிய கம்பியில்.

வாங்குவதற்கு முன்

1. புது வீடு கட்டுகிறீர்கள் என்றால் இந்தக் கேள்வியே வேண்டாம். பூச்சுக்கு முன் சுவிட்ச் போர்டுகளுக்குக் கூடுதலாக ஒரு காலி பைப் பதித்துவிடுங்கள். ஐரோப்பியக் கட்டிடங்களில் பரவலாக உள்ள கேஎன்எக்ஸ் முறை மின்கம்பி வழியே நொடிக்கு 1,200 பிட்டும், தனிக் கட்டுப்பாட்டுக் கம்பியில் 9,600 பிட்டும் அனுப்பும். வேகத்தைவிட, அந்தக் கம்பியில் மிக்ஸி இல்லை என்பதே பெரிய நிம்மதி.

2. கட்டிய வீடு, நான்கைந்து விளக்கு, இரண்டு ஃபேன் என்றால் போர்டுக்குப் பின்னால் பொருத்தும் வானலைச் சுவிட்சே போதும். இணையம் போனாலும் வீட்டுக்குள்ளேயே வேலை செய்யுமா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். இன்ஸ்டியான் பயனர்கள் கற்ற பாடம் வானலைக்கும் பொருந்தும்.

3. வானலை போகாத ஒரே ஓர் இடம், கிணற்று மோட்டார் அறை மாதிரி இருந்தால், அங்கே மின்கம்பி வழிக் கருவிக்கு வேலை இருக்கிறது. பதில் சொல்லும் வகையாகவும் மறையாக்கம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். மின்னலடியைத் தாங்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாமல் நேராகச் சுவர்ச் சாக்கெட்டில் செருக வேண்டும், அந்தப் பெட்டிகள் சைகையையும் சேர்த்து அமுக்கிவிடும்.

4. எதை வாங்கினாலும் முதலில் ஒரே ஒரு ஜோடி, திருப்பிக் கொடுக்கும் வசதியோடு. மத்தியானம் வீடு அமைதியாக இருக்கும்போது சோதிக்காதீர்கள். இரவு எட்டு மணிக்கு டிவி, ஏசி, எல்லா விளக்கும் எரிய, மிக்ஸி ஓட, மாடிக் கோடியிலிருந்து பத்து முறை கட்டளை அனுப்பி எத்தனை முறை கேட்டது என்று எண்ணுங்கள். பிறகு மெயினை அணைத்து, இன்வர்ட்டரில் இன்னொரு பத்து.